கவிழ்தும்பைக்கு ஓரிடம்

ஐரோப்பாவில் காய்கறித் தோட்டம் போடுகிறவர்கள் தக்காளிப் பாத்திக்கும் பூசணிக் கொடிக்கும் நடுவே போரேஜ் என்ற செடியை வேண்டுமென்றே விதைப்பார்கள். இடுப்பளவு வளரும், உடம்பெல்லாம் வெள்ளைச் சுணை, ஐந்து நீல இதழ்களை விரித்துத் தரையைப் பார்த்துத் தொங்கும் பூ, அதன் நடுவே கூம்பாகக் குவிந்த கறுப்பு மகரந்தப் பைகள். காய்ப்புக்குத் தேனீ வேண்டும், தேனீயை இந்தப் பூ அழைத்து வரும் என்பது அங்குள்ள நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் பெரும்பகுதி சரிதான். இப்போது அதே விதை இணையத்தில் பொட்டலமாகக் கிடைப்பதால், மாடித் தோட்டத்திலும் கொல்லையிலும் அதை முளைக்க வைத்துப் பார்க்கும் ஆசை நம் ஊர்களிலும் பரவியிருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் கரிசல் காட்டில் அந்த ஆசைக்கு என்ன பொருள் என்று ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் வேலை. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். போரேஜ் பூ தேனீக்களுக்குச் செய்யும் வேலையைக் கரிசலில் கவிழ்தும்பை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. அதற்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தேவையில்லை. இங்கே வீட்டுத் தோட்டம் போடுகிறவர் விதை வாங்க வேண்டியதில்லை. களைக்கொத்தை எடுக்கும்போது ஓர் ஓரத்தை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

முதலில் நீர்க் கணக்கு. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். வெயிலும் காற்றும் சேர்ந்து ஓராண்டில் உறிஞ்சிக்கொள்ளக்கூடிய நீரோ பெய்வதைப்போல் இரு மடங்குக்கு மேல். மழை அளவு மட்டும் ஒரு நிலத்தை வறண்ட நிலமாக்கிவிடாது. வரவுக்கும் செலவுக்கும் நடுவே விழும் இந்தப் பள்ளம்தான் ஆக்குகிறது. கரிசல் மண்ணின் குணம் இதோடு சேர்ந்துகொள்கிறது. அதிலுள்ள மான்ட்மோரிலோனைட் வகைக் களி நீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கி முழங்கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். நிறைய நீரைப் பிடித்துவைக்கும் மண்தான். ஆனால் பிடித்ததில் கணிசமான பங்கை வேருக்கு விட்டுக்கொடுக்காது. ஈரம் தெரியும் மண்ணிலேயே செடி வாடி நிற்பது இதனால்தான். இந்த மண்ணில் மானாவாரி வெள்ளாமை செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்ற பாடம் காலம் தவறாமல் விதைப்பது. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்குப் பரிந்துரைக்கும் முன்பருவ விதைப்பும் அதே பாடத்தின் ஆய்வு வடிவம்தான். மழைக்கு முன்பே விதையைக் காய்ந்த மண்ணில் போட்டுவைத்தால் முதல் நல்ல மழையின் ஒரு துளியும் வீணாகாது. கரிசலின் சொந்தக் களைகள் இந்தப் பாடத்தை யாரிடமும் கற்கவில்லை. மழையோடு முளைத்து, ஈரம் இருக்கும் வாரங்களுக்குள் பூத்துக் காய்த்து, விதையை மண்ணில் விட்டுவிட்டு, வெயில் முற்றும்போது செத்துப்போகின்றன. தாவரவியலார் இதை வறட்சியைத் தாங்குதல் என்று சொல்வதில்லை, வறட்சியிலிருந்து தப்பித்தல் என்கிறார்கள்.

கவிழ்தும்பை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. கழுதைத்தும்பை என்றும் சொல்வார்கள். பொட்டலிலும் வரப்போரத்திலும் தரிசிலும் முழங்காலைத் தாண்டாமல் வளரும் ஒருபருவச் செடி. இலைக்குக் காம்பில்லை, அடிப்பகுதி தண்டை அணைத்துக்கொண்டிருக்கும். தடவினால் சொரசொரவென்று இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு சுணையும் ஒரு சிறு புடைப்பின்மேல் நிற்கிறது. இந்தக் குடும்பத்துச் செடிகளின் சுணையில் சுண்ணாம்பும் சிலிக்காவும் படிந்து கெட்டிப்படுவது வழக்கம். பூ வெளிர்நீலமாக விரிந்து, வயதாக ஆக வெளுத்தோ இளஞ்சிவப்பேறியோ போகும். மழைக்குப் பிந்திய மாதங்களில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் சாலையின் இருபுறமும் உள்ள தரிசுகளில் குனிந்து தேடினால் சிரமமில்லாமல் கண்ணில் படும். குனிந்துதான் தேட வேண்டும், பூவும் குனிந்திருப்பதால்.

போரேஜுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை முதலில் பதிவு செய்தவர் சாதாரண ஆளில்லை. 1753இல் தம் தாவரப் பேரகராதியை வெளியிட்ட லின்னேயஸ் இந்தச் செடியைப் போரேஜ் பேரினத்திலேயே சேர்த்து, போராகோ இண்டிகா என்று பெயரிட்டார். பின்னர் 1810இல் ராபர்ட் பிரவுன் டிரைக்கோடெஸ்மா என்ற தனிப் பேரினத்தை உருவாக்க, கவிழ்தும்பை அங்கே குடியேறியது. இது வெறும் பெயர் மாற்றமாக இருந்திருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. மரபணு வரிசைகளை ஒப்பிடும் காலம் வந்ததும் தெரிந்த செய்திதான் சுவையானது. இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் குடும்பத்துக்குள் இருவேறு கிளைகள். போரேஜின் நெருங்கிய உறவுகள் ஒரு பக்கம், கவிழ்தும்பையின் நெருங்கிய உறவுகள் மறுபக்கம். அந்த உறவுகளில் பெரும்பாலானவற்றின் பூக்கள் இப்படித் தொங்குவதும் இல்லை, கூம்பு கட்டுவதும் இல்லை. ஆக, தலைகீழாகத் தொங்கி நடுவில் கூம்பு வைத்த பூ என்ற வடிவம் இரு கிளைகளிலும் தனித்தனியே தோன்றியிருக்க வேண்டும். லின்னேயஸ் ஏமாந்தார் என்று சொல்லலாம். அவரை ஏமாற்றியது தேனீ என்று சொல்வது இன்னும் சரி. (இக்குடும்பத்தின் எல்லை எது என்பதில் தாவரவியலாருக்குள் இன்னும் இணக்கமில்லை. 2016இல் மட்டும் ஒரு குழு இதை ஒரே பெருங்குடும்பமாக வைத்தது, இன்னொரு குழு பதினொன்றாகப் பிரித்தது. எந்தப் பங்கீட்டிலும் போரேஜும் கவிழ்தும்பையும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன.)

அந்த வடிவம் எதற்காக என்பதில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. கவிழ்தும்பைப் பூவின் ஐந்து மகரந்தப் பைகளும் முதுகுப்புற மயிர்களால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நுனியில் கயிறுபோல் முறுக்கிய நீட்சிகளால் முடிகின்றன. மகரந்தம் கூம்பின் உள்ளே உதிர்கிறது, வெளியே தெரிவதில்லை. வந்து உட்கார்ந்து காலால் வழித்துக்கொண்டு போகும் தேனீக்கு இங்கே அதிகம் கிடைக்காது. பூவைப் பிடித்துத் தொங்கி, சிறகை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைக்கும் தேனீ வந்தால், உப்புக் குப்பியைக் குலுக்கியதுபோல் மகரந்தம் அதன் வயிற்றின்மேல் கொட்டும். இதை அதிர்வு மகரந்தச் சேர்க்கை என்பார்கள். பூக்கும் தாவரங்களில் ஏறக்குறைய 20,000 இனங்கள் இந்த முறையை நம்பியிருப்பதாகக் கணக்கு. ரூவன் டூகாஸ், அமோட்ஸ் டாஃப்னி என்ற இரு ஆய்வாளர்கள் 1990இல் போரேஜ் குடும்பத்தின் மூன்று செடிகளில் இந்த அதிர்வு முறையை ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு சொல் முக்கியம்: அம்மூன்றும் தேன் சுரப்பவை. அதிர்வை நம்பும் பூக்களில் மிகப்பல தேன் சுரப்பதில்லை, மகரந்தம் மட்டுமே கூலி. இந்தக் குடும்பம் இரண்டையும் தருகிறது.

இப்போது கொல்லையில் நிற்கும் கத்தரிச் செடியைப் பாருங்கள். கத்தரிப் பூவும் தக்காளிப் பூவும் அதே அதிர்வு வகைதான். கத்தரியின் மகரந்தப் பை நுனித்துளை வழியாக மட்டும் மகரந்தம் விடும். இரண்டிலும் தேன் இல்லை. காற்றில் ஆடியும் தன் மகரந்தத்தாலும் காய் பிடிக்கும் என்றாலும், அதிரவைக்கும் தேனீ வந்து போன பூவில் காய்ப்பு மேம்படுவதைப் பல நாட்டுச் சோதனைகள் காட்டியுள்ளன. பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ, கொம்புத்தேனீ, மலைத்தேனீ எதற்கும் இந்த அதிர்வு வித்தை வராது. அதைச் செய்பவை தனித்து வாழும் தேனீக்கள்: வயிற்றில் நீலப் பட்டைகள் ஓடும் அமெஜில்லா, மரத்தில் துளையிட்டு வாழும் பெரிய கருவண்டு போன்றவை. ஆஸ்திரேலியாவில் பசுமைக்குடில் தக்காளிக்கு அமெஜில்லாவைப் பயன்படுத்த ஆய்வுகள் நடந்தன. அங்குள்ள ஓர் இனம் பூவைத் தாடையால் கவ்வாமல் வினாடிக்குச் சுமார் 350 முறை தலையால் முட்டியே மகரந்தத்தை உதிர்க்கிறது என்று படம்பிடித்துக் காட்டினார்கள். இத்தகைய தேனீக்குப் பறக்கச் சர்க்கரை வேண்டும், குஞ்சுக்கு ஊட்ட மகரந்தம் வேண்டும். கத்தரிப் பாத்தி மகரந்தம் தரும். சர்க்கரைக்கு அது வேறு எங்காவது போகத்தான் வேண்டும். அந்த வேறிடம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குக் கத்தரிக்கு லாபம். கூம்புப் பூவைக் கையாளத் தெரிந்த அதே தேனீக்குத் தேனும் சேர்த்துத் தரும் கூம்புப் பூ, கத்தரிக்குப் பத்தடியில் நிற்பதைவிடப் பொருத்தமான அமைப்பை என்னால் யோசிக்க முடியவில்லை. ஐரோப்பியர் போரேஜைத் தக்காளிக்கு நடுவே வைப்பதன் பின்னுள்ள நியாயமும் இதுவே. அவர்களுக்குப் போரேஜ், கரிசலுக்கு அந்த வடிவத்தின் இன்னொரு படி.

அப்படியானால் போரேஜையே வைத்தால் என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதற்குச் சாதகமாகவும் ஒரு வாதம் உண்டு. போரேஜின் தாயகம் மத்தியதரைக் கடற்கரை நாடுகள். அங்கும் மழை ஆண்டின் குளிர்ந்த பாதியில்தான் பெய்கிறது. திருச்சுழியிலும் குண்டாற்றில் தண்ணீர் ஓடினால் அது ஐப்பசி, கார்த்திகையில்தான். எனவே புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் இரண்டு மாதம் கழித்து மார்கழியில் பூ பார்த்துவிடலாம், முடியாத காரியமில்லை. வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. மத்தியதரை நாடுகளில் மழைக்குப் பின் நீண்ட, இதமான வசந்தம். செடி பொறுமையாக விதை முற்றி உதிர்க்க அவகாசம் உண்டு. இங்கே தை கழிந்ததும் வெயில் ஏறத் தொடங்கி, மாசியில் காற்று காய்ந்து, சித்திரையில் 38 பாகை செல்சியஸைத் தாண்டும். சாறு நிறைந்த பெரிய இலையும் தடித்த தண்டும் கொண்ட போரேஜை அதுவரை இழுத்துச் செல்லத் தினமும் ஊற்ற வேண்டும். குடிநீரைக் குடக்கணக்கில் வாங்கி வைக்கும் தெருக்களில் அந்தத் தண்ணீரை ஒரு கத்தரிச் செடிக்கோ மல்லிகைக் கொடிக்கோ ஊற்றலாமே என்று வீட்டில் யாராவது கேட்டால் பதில் சொல்வது கடினம். தானே உதிர்ந்து தானே முளைத்துவரும் செடி என்று போரேஜைப் புகழ்வார்கள். அந்தக் குணம் அதன் சொந்த மண்ணில் உள்ள மழையின் வரிசையையும் வெயிலின் வரிசையையும் நம்பியது. கரிசலின் வெடிப்புக்குள் விழுந்து கோடை முழுதும் வெந்து கிடந்து, அடுத்த மழைக்கு எழுந்து வருவது இங்குள்ள களைகளின் பழக்கம். ஆண்டுதோறும் பொட்டலம் வாங்கத் தயாராக இருப்பவர் போரேஜ் வளர்க்கட்டும். அது ஓர் அலங்காரச் செலவு, தோட்டத்துக்குச் செய்யும் உதவி என்று கணக்கெழுதக் கூடாது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. போரேஜின் இலையையும் பூவையும் அங்கே தின்கிறார்கள், பானத்தில் போடுகிறார்கள். கவிழ்தும்பையை அப்படிப் பயன்படுத்தலாமா? கூடாது. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். போரேஜ் குடும்பத்துக்கே உரிய ஒரு வேதிச் சொத்து உண்டு: பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள். செடியில் இருக்கும் நிலையில் அவை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. உடலுக்குள் போனதும் நம் கல்லீரலின் நொதிகள், நஞ்சை முறிக்கும் முயற்சியிலேயே, அவற்றை வீரியமான வேறு மூலக்கூறுகளாக மாற்றிவிடுகின்றன. அவை கல்லீரலின் நுண்ணிய நாளங்களின் உட்சுவரைச் சிதைத்து, சிறு சிரைகளை அடைக்கின்றன. இரத்தம் திரும்ப வழியின்றி வயிற்றில் நீர் கோத்து, நாளடைவில் கல்லீரல் சுருங்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வேலை செய்யும் நஞ்சு என்பதால், தின்ற அன்று ஒன்றும் ஆகவில்லை என்பது ஆறுதலுக்கு உரியதல்ல. போரேஜ் இலையிலும் இவை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் கொண்டுவந்த விதி, விற்பனைக்கு வரும் பச்சைப் போரேஜ் இலையில் ஒரு கிலோவுக்கு 750 மைக்ரோகிராமுக்கு மேல் இவை இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. அதே குடும்பத்துக் காம்ஃப்ரே செடியை உள்ளுக்குச் சாப்பிடும் பொருட்களைச் சந்தையிலிருந்து எடுக்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001இல் உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது. கவிழ்தும்பையின் பேரினத்தில் இந்த ஆல்கலாய்டுகள் பல இனங்களில் பிரித்தெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றுக்குப் பேரினத்தின் பெயரையே ஒட்டி டிரைக்கோடெஸ்மின் என்று பெயர்.

வறண்ட காட்டுக்காரர்கள் இந்த ஆபத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கக் காரணமுண்டு. ஆப்கானிஸ்தானின் ஹெராத் பகுதியில் குல்ரான் என்ற இடத்தில் 1970களின் தொடக்கத்தில் கடும் வறட்சி. கோதுமை மெலிந்தது, அதனூடே தேள்கொடுக்கின் உறவான ஒரு ஹீலியோட்ரோப்பியக் களை செழித்தது, அதன் விதை கோதுமையோடு மாவாகி ரொட்டிக்குள் போனது. பின்னர் அங்கே 7,200 பேரைப் பரிசோதித்தபோது ஐந்தில் ஒருவருக்கு மேல் கல்லீரல் பாதிப்பு தெரிந்தது. நம் நாட்டிலேயே 1975இல், அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில், சாமையோடு கிலுகிலுப்பை இனம் ஒன்றின் விதை கலந்து 67 பேர் நோயுற்றதும் அவர்களில் 28 பேர் இறந்ததும் மறு ஆண்டு லான்செட் இதழில் பதிவாயின. கிலுகிலுப்பை வேறு குடும்பம், ஆனால் நஞ்சு அதே வகை. இரு நிகழ்விலும் யாரும் களையைப் பறித்துத் தின்னவில்லை. மழை பொய்த்த ஆண்டில் பயிர் இளைத்து, களை கொழுத்து, சிறுதானியக் களத்தில் இரண்டும் ஒன்றாக அடிபட்டன. குதிரைவாலியும் சாமையும் விளையும் அருப்புக்கோட்டை வட்டாரத்துக்கு இதன் பாடம் தெளிவு: கவிழ்தும்பைக்கு இடம் விட வேண்டியது வீட்டுத் தோட்டத்தின் ஓரத்தில். தானியக் காட்டில் அதைப் பிடுங்குவதும், கதிர் அடிக்கும் களத்தின் பக்கம் அண்டவிடாமல் பார்ப்பதும் விவசாயியின் பழைய விவேகம். அதை மாற்றச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை.

தும்பை என்ற பெயரைப் பகிர்ந்துகொள்வதால் இன்னொரு குழப்பத்துக்கும் வழி இருக்கிறது. ரசத்திலும் கீரையிலும் சேர்க்கும் தும்பை துளசிக் குடும்பத்தது. அதன் தண்டு நான்கு பட்டையாக இருக்கும், பூ தூய வெள்ளை, கணுவைச் சுற்றிக் கொத்தாக மேல்நோக்கி நிற்கும். கவிழ்தும்பையின் தண்டு உருண்டை, பூ நீலச் சாயலோடு தொங்கும், இலை தண்டைக் கட்டிப்பிடிக்கும். பூவில்லாத காலத்தில் கீரை பறிப்பவருக்குத் தண்டை உருட்டிப் பார்ப்பதே போதுமான சோதனை. நாட்டு மருத்துவத்தில் கவிழ்தும்பையின் வேரை அரைத்து மூட்டு வீக்கத்தின்மேல் பற்றுப் போடும் வழக்கம் பல இடங்களில் பதிவாகியுள்ளது. உள்ளுக்குக் கொடுக்கும் முறைகளும் உண்டு. பழைய வழக்கம் என்பதால் பாதுகாப்பானது என்ற வாதம் இங்கே எடுபடாது. மாதக்கணக்கில் மெதுவாகக் கல்லீரலைக் கெடுக்கும் பொருளுக்கும் அதனால் வந்த நோவுக்கும் தொடர்பை அனுபவ வைத்தியம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். காம்ஃப்ரேயை ஐரோப்பியர் நூற்றாண்டுக்கணக்கில் உட்கொண்ட பிறகுதான் ஆய்வுக்கூடம் அதைச் சொன்னது. புண்ணில்லாத தோலில் பற்றுப் போடுவதோடு நின்றுவிடுவது நல்லது.

உண்ண ஓர் இலை வேண்டும் என்றால் அதற்குக் கற்பூரவள்ளி இருக்கிறது. ஆங்கில விதைப் பட்டியல்களில் இந்தியப் போரேஜ் என்று எழுதியிருக்கும் செடி பெரும்பாலும் இதுதான். துளசிக் குடும்பம், மேலே சொன்ன ஆல்கலாய்டுகளின் கவலை கிடையாது, கார்வக்ரால், தைமால் போன்ற எண்ணெய்கள் தரும் மணம். தண்டை ஒடித்து ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், சதைப்பற்றான இலையில் நீரைச் சேமித்துக்கொண்டு ஒரு தொட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கரிசல் மண்ணை அப்படியே தொட்டியில் போட்டு நாள்தோறும் நீரூற்றினால் மட்டும் வேர் அழுகிச் சாகும். செவல் மண்ணும் மணலும் கலந்து, மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். சளிக்குக் கஷாயம், மாலையில் பஜ்ஜி, எல்லாம் சரி. ஆனால் நம் வீடுகளில் அது பூப்பது அபூர்வம், ஆகவே தேனீக் கணக்கில் அதற்குப் பங்கில்லை. போரேஜ் ஒரே செடியாகச் செய்வதாகச் சொல்லும் இரு வேலைகளை இங்கே இரண்டு செடிகள் பிரித்துச் செய்கின்றன. அடுப்பங்கரைப் பக்கம் ஒன்று, வேலியோரம் மற்றொன்று. அந்தப் பிரிவினையே பாதுகாப்பும்கூட.

நஞ்சுச் செடியில் தேனெடுத்தால் தேனிலும் நஞ்சு வராதா என்று கேட்பது அடுத்த படி. வரும். ஆஸ்திரேலியாவில் இதே குடும்பத்து எக்கியம் என்ற களை பரந்த மேய்ச்சல் நிலங்களை மூடிக்கொண்டதால், அதிலிருந்து வந்த தேனில் ஆல்கலாய்டு அளவு கூடி, அதை வேறு தேனோடு கலந்து விற்கும்படி அங்குள்ள உணவுத் தர அமைப்பு அறிவுறுத்தியிருக்கிறது. அங்கே நடந்தது ஒற்றைப் பூவே அடிவானம்வரை பூத்த நிலத்தில். ஒரு வீட்டுக் கொல்லையின் பத்துப் பதினைந்து செடிகள், அதுவும் தேன் சேமித்து வைக்காத தனித்தேனீக்கள் அதிகம் நாடும் பூக்கள், நாம் வாங்கும் தேனில் என்ன மாற்றத்தைச் செய்துவிட முடியும்? அளவு என்பது நஞ்சியலின் முதல் கேள்வி, அதைக் கேட்காமல் பயப்படுவதும் அதைக் கேட்காமல் தின்பதும் ஒரே வகைத் தவறு.

அதே ஆல்கலாய்டைத் தேடியே வரும் விருந்தாளிகளும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. நீலவரியன், வெந்தயவரியன் முதலிய வரியன் குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகளில் ஆண்கள், போரேஜ் குடும்பச் செடிகளின் காய்ந்த தண்டிலும் வாடிய இலையிலும் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். பசிக்காக அல்ல. அந்த ஆல்கலாய்டிலிருந்துதான் பெண்ணைக் கவரும் வாசனைப் பொருளை அவை தயாரிக்கின்றன; மிச்சம் உடலில் தங்கிப் பறவைக்குக் கசக்கும். கண்மாய் வற்றும்போது அடிமண்ணில் படரும் தேள்கொடுக்கும் கிலுகிலுப்பையும் இவற்றுக்குப் பழக்கமான இடங்கள். அதே கண்மாய்த் தரையோடு ஒட்டிக் கிடக்கும் செருப்படையும் போரேஜின் பங்காளிதான். ஐரோப்பாவிலிருந்து ஓர் உறவினரை வரவழைப்பதற்கு முன் இங்கே எத்தனை உறவினர் குடியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், கரிசல் காடு வெறுங்காடு என்ற எண்ணம் கொஞ்சம் ஆட்டம் காணும்.

களையை விட்டுவைத்தால் தோட்டமெல்லாம் பரவிவிடாதா என்பது கடைசி ஆட்சேபம்; நடைமுறையில் அதிகம் கேட்கப்படுவதும் இதுதான். கவிழ்தும்பை ஒருபருவச் செடி. கோரையைப்போல் கிழங்கு விட்டு நிலைப்பதில்லை, அறுகுபோல் வேரோடிப் பரவுவதுமில்லை. விதை ஒன்றே அதன் வழி. ஒரு பூவுக்கு நான்கு விதைக்கு மேல் கிடையாது, அவையும் பெரும்பாலும் தாய்ச்செடியின் அருகிலேயே விழும். ஆகவே அதைக் கட்டுப்படுத்தும் கருவி களைக்கொல்லி அல்ல, நாட்காட்டி. ஐப்பசி மழைக்குப் பின் முளைத்தவற்றில், பாத்திக்குள் உள்ளதையெல்லாம் நாற்றாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டு, வேலியோரம் ஒரு சாண் இடைவெளியில் பத்துச் செடியை மட்டும் நிறுத்தலாம். கார்த்திகை முதல் தைவரை பூக்கட்டும். கத்தரியும் அந்நேரம்தான் பூக்கும். புல்லி பழுத்து விதை கறுக்கத் தொடங்கும் சமயம், அடுத்த ஆண்டுக்கு இரண்டு மூன்றை விட்டுவிட்டு மற்றதை வேரோடு பிடுங்கிக் குப்பைக்குழியில் போட வேண்டும். மாட்டுத் தீவனத்தில் சேர்க்கக் கூடாது, ஏனெனில் மேலே சொன்ன கல்லீரல் கணக்கு கால்நடைக்கும் பொருந்தும். சுணை குத்தும் என்பதால் கையில் துணி சுற்றிக்கொள்வது நல்லது. கருவண்டுக்காக வேலியில் ஒரு காய்ந்த மரக்கட்டையையும், மண்ணில் வளை தோண்டும் அமெஜில்லாவுக்காக மழை படாத ஒரு துண்டு மண்சுவரையும் பூசாமல் மெழுகாமல் விட்டுவைக்கலாம். சிமெண்ட் பூசிய கொல்லையில் பூ எத்தனை இருந்தாலும் இந்தத் தேனீக்குக் குடியிருக்க இடமில்லை. பூச்சிமருந்து அடிக்க வேண்டிய கட்டாயம் வந்தால் பூ விரிந்திருக்கும் காலையில் அடிக்காமல் பொழுது சாய்ந்த பிறகு அடிப்பது, விட்டுவைத்த ஓரத்தை வீணாக்காமல் காக்கும்.